மூன்று தடவை அடித்த மணி

பிராங்பேர்ட்,
12.01.2025

அன்புள்ள மச்சாள் பாலாம்பிகைக்கு,

எனக்குச் சீனி வியாதியும் இவருக்குக் கோபமும் வழக்கம்போல இருக்கின்றன. மற்றபடி இருவரும் சுகம். நீரும் என் மருமகள் நிருஷாவும் இந்தக் குளிருக்குத் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர். எங்கள் கடையில் போன் எப்போதும் கல்லாவுக்குப் பக்கத்தில் சத்தமாகப் போட்டபடி கிடக்கும். நான் உம்முடன் கதைப்பதை இவர் கேட்பார், மரக்கறி வாங்க வந்தவர்கள் கேட்பார்கள், கடையில் எங்களுக்கு உதவிக்கு நிற்கிற அலோசியஸ் அண்ணை கேட்டுவிட்டு அபிப்பிராயமும் சொல்வார். வட்ஸ்அப்பையும் இவர்தான் நோண்டுவார். கேட்க நினைத்ததைச் சபையில் கேட்க முடியாது. அதுதான் பேனையை எடுத்தேன்.

மூன்றாம் திகதி பெர்லின் கலியாணத்தால் திரும்பும்போது, சொல்லாமல் வந்து உம்மைத் திகைக்க வைப்போம் என்று ஹாலேக்குக் காரை விட்டோம். கீழ்க்கதவை யாரோ ஒரு கிழவர் திறந்துவிட்டார். மூன்று மாடி ஏறி உம்முடைய கதவில் மணி அடித்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. உள்ளே நீர் மிளகாய் வறுக்கிற வாசம் மாடிப்படி முழுவதும் நின்றது. இவர் தும்மித் தும்மியே களைத்துப்போனார். பிறகு உமக்குப் போன் எடுத்தேன். அது உள்ளே அடித்ததும் அப்படியே நின்றதும் எனக்குக் கேட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை.

"அவள் வெளியாலை போயிருப்பாள், வாரும்" என்று இவர் சொன்னார். அடுப்பை எரியவிட்டுவிட்டு எந்தப் பொம்பிளை வெளியே போவாள்? நான் என் தம்பியின் வீட்டு வாசலில் கால் மணித்தியாலம் நின்றுவிட்டுத் திரும்பினேன், மச்சாள். ஏன் என்று ஒரு வரி எழுதும்.

நீர் வறுத்து அனுப்புகிற கறித்தூள் கடையில் முடியப் போகிறது. பத்துக் கிலோ அனுப்பினால் மாசி வரைக்கும் போதும். செத்தல் மிளகாயும் மல்லியும் நாளைக்குப் பார்சலில் வரும்.

உம்மில் கோபம் என்றாலும் அன்பு குறையாத,
கமலநாயகி


ஹாலே,
26.01.2025

அன்புள்ள மச்சாள்,

உங்கள் சீனி குறையட்டும், துரை அண்ணையின் கோபமும் அதோடு சேர்ந்து குறையட்டும். நாங்கள் இருவரும் நலம். நிருஷாவுக்கு அரையாண்டுப் பரீட்சை. இரவும் பகலும் புத்தகமும் கையுமாக இருக்கிறாள்.

அன்றைக்கு நான் குளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மணியும் சில நேரம் வேலை செய்யாது. வந்தும் பார்க்க முடியாமல் போனது எனக்கும் கவலைதான்.

பத்துக் கிலோவும் வெள்ளிக்கிழமை போட்டுவிட்டேன். இந்தத் தடவை மல்லியைக் கொஞ்சம் கூடுதலாக வறுத்திருக்கிறேன், சொல்லுங்கள்.

ஒரு விஷயம். சோசல் காசு தருகிற ஜொப்சென்ரர் கந்தோரில் எனக்குப் பொறுப்பாக இருக்கிற லாரா என்ற பெண், ஒரு முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை இருக்கிறது என்கிறாள். கிழமைக்கு முப்பது மணித்தியாலம், ஆகக் குறைந்த சம்பளம். அது வந்தால் சோசல் காசு நிற்கும். வாடகைக்கு மட்டும் சின்ன உதவி வேறு இடத்தில் இருந்து வருமாம். உங்கள் தம்பி கண்ணை மூடிய பிறகு நாலு வருடம் அரசாங்கக் காசில் இருந்துவிட்டு, ஐம்பத்தொரு வயதில் இப்படி மாறுவதில் பலன் உண்டா? நீங்கள் கடை நடத்துகிறவர், கணக்குத் தெரிந்தவர். உங்களைத்தான் கேட்கிறேன்.

நிருஷா மாமியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
பாலாம்பிகை


பிராங்பேர்ட்,
30.01.2025

அன்புள்ள பாலாவுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. உம்முடைய கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன்.

யாரோ ஒருத்திக்கு என்று சொல்லி அலோசியஸ் அண்ணையிடம் கணக்குக் கேட்டேன். அரிசிச் சாக்கின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு இப்போது கிடைப்பதை விட நூற்றெண்பது யூரோ கூட வரும். அதற்குள் ட்ராம் காசு, சோசல் எடுப்பதால் இப்போது கட்டத் தேவையில்லாத வானொலிக் கட்டணம், நாள் முழுக்க நிற்க நல்ல சப்பாத்து. மிச்சத்தை நீர் நிற்கிற மணித்தியாலத்தால் பிரித்தால் ஒரு மணிக்கு ஒரு யூரோவும் வராது. "இதுக்கு ஆர் விடிய அஞ்சு மணிக்கு எழும்புவினம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

உமக்கு முழங்காலும் சரியில்லை. முன்பின் தெரியாத கிழடுகளின் உடுப்பைத் தோய்க்கவா என் தம்பி உம்மைக் கட்டினான்? வீட்டில் இரும். பிள்ளையைப் படிப்பியும். உம்முடைய கைக்கு வீட்டிலேயே வேலை இருக்கிறது. ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் ஒருநாளும் உம்மைக் கைவிடவில்லைத்தானே? அரிசியும் எண்ணெயும் இந்த மாதமும் அனுப்பியிருக்கிறேன்.

மல்லி கூடினது நல்லது. சனங்கள் "வீட்டுத் தூள் வந்திட்டுதோ" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். பங்குனிக்குப் பதினைந்து கிலோ வேண்டும்.

குளிக்கும்போது மிளகாய் வறுக்கிற ஆளை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

கமலநாயகி


ஹாலே,
16.03.2025

அன்புள்ள மச்சாள்,

பதில் பிந்திவிட்டது, மன்னியுங்கள். சுகம் என்று எழுதினால் பொய். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. நீங்கள் மருந்தைத் தவறாமல் எடுக்கிறீர்களா?

நான் மாசி முழுக்க யோசித்தேன். அலோசியஸ் அண்ணையின் கணக்கு அச்சொட்டாகச் சரி. லாராவும் அதையேதான் காட்டினாள். ஒரு யூரோ கூட வித்தியாசம் இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். இந்த மாதம் முதலாம் திகதியில் இருந்து போகிறேன்.

வேலை என்னவென்றால், தோய்க்கிறது மெசின். நாங்கள் பிரிப்பது, மடிப்பது, பெயர் ஒட்டுவது. அங்கே நூற்றிருபது பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு காலுறையிலும் பெயர் இருக்க வேண்டும். சூடான இஸ்திரிப்பெட்டியால் பெயர்த்துண்டை அழுத்தினால் ஒட்டிவிடும். ஒருவர் போய்விட்டால் அவருடைய பெயரைப் பிரித்து எடுப்பதும் என் வேலைதான். அது ஒட்டுவதை விடக் கஷ்டம்.

ஏன் போனேன் என்று கேட்பீர்கள். எழுதத் தெரியவில்லை. இன்னொரு நாளைக்குச் சொல்கிறேன்.

தூள் நாலு கிலோதான் வறுக்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் கிடைக்கிறது.

பாலாம்பிகை


பிராங்பேர்ட்,
23.03.2025

வேலைக்காரி மச்சாளுக்கு,

கால் வீங்கினால் இரவில் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு வையும். என்னைக் கேட்காமல் செய்த வேலைக்கு என்னிடம் வைத்தியம் வேறு!

நாலு கிலோ! அது ஒரு சனிக்கிழமைக்குக் காணாது. தூள் இல்லை என்று சொன்னதும் கார்ல்ஸ்ரூஹேயில் இருந்து வருகிற குடும்பம் அரிசியும் வாங்காமல் போய்விட்டது. நான் உம்மைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீர் எங்கே வேலை செய்கிறீர் என்று இங்கே கேட்டவர்களுக்கு, "வைத்தியசாலை மாதிரி ஓர் இடம்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீரும் அப்படியே சொல்லும்.

இதற்குள் ஐம்பது யூரோ வைத்திருக்கிறேன். நல்ல சப்பாத்து வாங்கும். மூன்று மாதம் போய்ப் பார்த்துவிட்டு ஏலாது என்றால் விட்டுவிடும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோபத்திலும் உம்மை நினைக்கிற,
கமலநாயகி


ஹாலே,
11.05.2025

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கையெழுத்தைக் கண்டால் ஏச்சு வாங்கினாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சீனி எவ்வளவில் நிற்கிறது? எழுதவில்லையே.

ஐம்பது யூரோவைத் திருப்பி வைத்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம். சப்பாத்து வாங்கிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், முதல் மாதம் என்னை உலுப்பிவிட்டது. சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும் என்று லாரா சொல்லியிருந்தாள். கேட்டதும் வாழ்ந்ததும் வேறுவேறு. நீங்கள் அனுப்பிய அரிசியில்தான் அந்த மாதம் போனது. நிருஷா சமைத்தாள். கத்தரிக்காயைக் கரியாக்கினாள், நான் அதையும் வழித்துச் சாப்பிட்டேன். விடிய ட்ராமுக்கு நிற்கும்போது சில நாள் எனக்கே சிரிப்பு வரும். விசரி, நூற்றெண்பது யூரோவுக்கு இந்த ஓட்டமா என்று.

பிறகு சம்பளத் துண்டு வந்தது. அதில் பென்ஷனுக்கு என்று ஒரு வரி. சின்னத் தொகைதான். நான் அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் தம்பி போன பிறகு பென்ஷன் கந்தோரில் இருந்து வந்த கடதாசி நினைவுக்கு வந்தது. இருபத்திரண்டு வருடம் இந்த நாட்டில் சாப்பாட்டுக்கடை அடுப்படிகளில் நின்ற மனிதர். கடதாசியில் ஏழு வருடம்தான் பதிவாகியிருந்தது. அதற்கான காசைத்தான் எனக்குத் தருகிறார்கள், மாதம் நூற்றுச் சொச்சம். மிச்சப் பதினைந்து வருடத்துக்கு அவர் எங்கேயும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

தூள் இரண்டு கிலோ வைத்திருக்கிறேன்.

பாலாம்பிகை


பிராங்பேர்ட்,
01.06.2025

பாலாம்பிகைக்கு,

அந்தப் பதினைந்தில் பதினொரு வருடம் எங்கள் பழைய சாப்பாட்டுக்கடையில் என்று எழுதாமல் எழுதியிருப்பது எனக்கு விளங்காமல் இல்லை. அந்தக் கடை நட்டத்தில் மூடப்பட்டது எல்லோருக்கும் தெரியும். சந்திரமௌலி எனக்குத் தம்பி, கூலிக்கு வந்தவன் அல்ல. அவனுக்கு நாங்கள் செய்ததை நாங்கள் எழுதி வைக்கவில்லை.

இனித் தூள் வேண்டாம். பக்கெற் தூள் எடுத்து விற்கிறோம். சனம் வாங்குகிறது.

கமலநாயகி


ஹாலே,
20.07.2025

அன்புள்ள மச்சாள்,

ஏழு கிழமையாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து எழுதுகிறேன். நீங்கள் சுகமா என்று கேட்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறது என்று நினைத்துக் கேட்கிறேன்.

தை மாதம் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பொய் எழுதினேன். இன்று சரியாக எழுதுகிறேன்.

அந்தக் கிழமை ஜொப்சென்ரரில் இருந்து கடிதம் வந்திருந்தது. அடுத்த வருடத்துக்கான விண்ணப்பத்துக்கு வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்லி, வழக்கமாக வருவதுதான். ஆனால் கீழ்வீட்டுக்காரி அதற்கு முதல் நாள் மாடிப்படியில் என்னை மறித்து, "நீ வீட்டில் தொழிற்சாலையா நடத்துகிறாய்?" என்று கேட்டிருந்தாள். சோசல் எடுப்பவர்கள் ஒளித்து உழைக்கிறார்களா என்று வீட்டைச் சோதிக்க ஆள் வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் தலைக்குள் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

மணி அடித்தபோது அவர்கள்தான் என்று நினைத்தேன், அடுப்பில் மூன்று கிலோ மிளகாய். நிலத்தில் மல்லிச் சாக்கு. மேசை முழுக்க உங்கள் கடைப் பெயர் ஒட்டிய பைகள். அடுப்பை நிற்பாட்டினேன், ஜன்னலைத் திறந்தேன், சாக்கை இழுத்துக்கொண்டுபோய்க் குளிக்கிற தொட்டிக்குள் போட்டுத் திரைச்சீலையை இழுத்தேன். இரண்டாவது மணி. நிருஷா கிட்ட வந்து, "அம்மா, இது மாமியின்ரை குரல் மாதிரிக் கிடக்கு" என்றாள். "வாயை மூடடி" என்று அவளுடைய வாயைப் பொத்தினேன். மிளகாய்க் கை, மச்சாள். பிள்ளையின் உதடு எரிந்தது. அவள் சத்தம் போடாமல் அழுதாள்.

மூன்றாவது மணி அடித்தது. பிறகு போனில் உங்கள் பெயர் வந்தது. நீங்கள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான் போனை நிற்பாட்டினேன். குளிக்கவும் இல்லை, மணியும் பழுதில்லை. நீங்கள் வெளியில் நின்ற கால் மணித்தியாலமும் நான் உள்ளே கதவோடு நின்றேன்.

ஏன் திறக்கவில்லை என்றால், எனக்கு உங்களில் கோபம் வந்தது. அதுவரை வந்ததில்லை. யாருக்காக இந்த வாசத்தை ஒளிக்கிறேனோ அந்த ஆளே மாலை மரியாதையோடு வந்து வாசலில் நிற்கிறார் என்று தோன்றியது. நீங்கள் தருவது உதவி என்று நீங்கள் சொன்னீர்கள். நான் செய்வதும் உதவி என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் கூலி என்ற சொல்லைச் சொல்லவில்லை, அதனால் அது கூலி இல்லை என்று நம்பினோம். உங்கள் தம்பியிடமும் அப்படித்தான் நடந்தது என்று அந்தக் கதவோடு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவரும் உங்களைக் கேட்கக் கூச்சப்பட்டார், நானும் கூச்சப்பட்டேன். நான் செய்தது சட்டப்படி பிழை என்றும் எனக்குத் தெரியும். அந்தப் பங்கு என்னுடையது. அதை உங்கள் தலையில் போடவில்லை.

அன்றிரவு பிள்ளையின் உதட்டுக்கு வெண்ணெய் பூசிவிட்டுப் படுத்தேன். லாரா வேலை என்று சொன்னபோது, சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன்னமே மனம் ஓம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் உங்களைக் கேட்டேன். நீங்கள் "போ" என்று சொன்னால் நாங்கள் இருவரும் தப்பிவிடுவோம் என்று ஒரு ஆசை.

இவ்வளவுதான். கோபித்தால் கோபியுங்கள், மருந்தை மட்டும் விடாதீர்கள்.

பாலாம்பிகை


பிராங்பேர்ட்,
05.10.2025

அன்புள்ள மச்சாள் பாலாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். சீனி கூடிக் குறைந்து இப்போது பரவாயில்லை. நிருஷாவின் உதட்டை நினைத்து நினைத்து ஆவணி முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

முதலில் சிரிப்புக் கதை. பக்கெற் தூளைச் சனம் வாங்குகிறது என்று எழுதினேன், அது பொய். ஒருதடவை வாங்கியவர்கள் மறுதடவை வாங்கவில்லை. அதனால் போன மாதம் நானே வறுத்தேன். மிளகாய் கருகி, புகை எச்சரிக்கை மணி அலறி, நாலு மாடிச் சனமும் றோட்டுக்கு இறங்கிவிட்டது. தீயணைப்புக்காரன் சட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன சமைத்தீர்கள்?" என்று கேட்டான். கண் எரிச்சலோடு கருகின மிளகாய் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். இதை மாதம் மாதம் பத்துக் கிலோ நீர் எப்படிச் செய்தீர் என்று அந்த றோட்டில் நின்று யோசித்தேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

இனிச் சிரிப்பில்லாத கதை. சாப்பாட்டுக்கடை திறந்து மூன்றாம் வருடம் சந்திரமௌலி என்னிடம் வந்து, "அக்கா, என்னைச் சரியாப் பதிஞ்சு விடுங்கோவன்" என்றான். ஒரே ஒரு தடவைதான் கேட்டான். "பிறகு பாப்பம், இப்ப கடை கிடக்கிற கிடையில..." என்றேன். அது இவருடைய வாய் இல்லை, என்னுடைய வாய். அவன் தலையை ஆட்டிவிட்டு வெங்காயம் வெட்டப் போனான். பிறகு எட்டு வருடம் நின்றான், கேட்கவில்லை. நான் அதை மறந்துவிட்டேன் என்றுதான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன்.

உம்முடைய கடிதத்தை இவருக்கும் காட்டினேன். ஒரு கிழமை அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு கணக்காளரிடம் போய், இறந்துபோன ஒருவருக்கு இப்போது ஏதாவது கட்ட முடியுமா என்று கேட்க வெளிக்கிட்டார். அங்கே போனதும் வாய் வரவில்லையாம். கடை வரியைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

வேலையில் பலன் இல்லை என்று நான் போட்ட கணக்கில் தூளும் இருந்தது, பாலா. அலோசியஸ் அண்ணைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மன்னிப்பை எழுத்தில் கேட்டால் அது கடைக் கடிதம் போலத்தான் வருகிறது. நாலு தடவை எழுதிப் பார்த்தேன். நேரே வரட்டுமா? தூள் கேட்க வரமாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதும்.

உம்முடைய மச்சாள்,
கமலநாயகி


ஹாலே,
12.10.2025

அன்புள்ள மச்சாள்,

நீங்கள் சுகமாக இருப்பது தெரிந்து மனம் ஆறியது. நிருஷா சுகம், உதடு அடுத்த நாளே ஆறிவிட்டது, மாமியின் தீயணைப்புக் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு முழங்கால் நோகிறது, ஆறு மாதச் சோதனைக் காலம் முடிந்து வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

பலன் உண்டா என்று தை மாதம் கேட்டேன். இன்னும் முழுதாகத் தெரியவில்லை. காசைப் பார்த்தால் அலோசியஸ் அண்ணைதான் வென்றார். ஒரு நாள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டில் என்ன ஒளிக்க இருக்கிறது என்று பழக்கத்தில் யோசித்தேன். ஒன்றும் இல்லை என்று பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கோபம் எல்லாம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். நீங்களும் நம்பமாட்டீர்கள். துரை அண்ணை கணக்காளரிடம் போனதை வாசித்து அழுதேன். கேட்காமல் வந்ததை வாசித்தும் அழுதேன்.

வாருங்கள். அடுத்த ஞாயிறு எனக்கு விடுமுறை. அன்று எங்கள் வீட்டுக்கு ஒரு கிலோ தூள் வறுக்க இருக்கிறேன், ஜன்னலைச் சாத்தாமல். கீழ்வீட்டுக்காரியிடம் முதலே சொல்லிவிட்டேன். தனக்கும் ஒரு போத்தல் வேண்டுமாம். உங்களுக்கும் ஒரு போத்தல் இருக்கும். அது விலைக்கில்லை.

வந்து மணியை ஒரு தடவை அடித்தால் போதும்.

பாலாம்பிகை